பிக்கப்பில் பனி தள்ளிச் சம்பாதித்தால் வண்டி என்ன ஆகும்?

கேள்வி கேட்டவர் கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கிறார். கையில் ஐந்து வருடப் பழைய அரை டன் பிக்கப் (பின்னால் திறந்த பெட்டி உள்ள வண்டி; 'அரை டன்', 'முக்கால் டன்' என்பவை அதன் பாரப் பிரிவின் பெயர்கள்) ஒன்று இருக்கிறது. முன்னால் பனியைத் தள்ளுகிற அகலமான தகடு ஒன்றை, அதாவது பிளேடை, மாட்டிவிட்டால் குளிர்காலம் முழுக்க இரவில் பனி தள்ளிக் காசு பார்க்கலாம் என்று நண்பர் சொல்லியிருக்கிறார். வண்டி கெட்டுப்போகுமா, போகாதா என்பதுதான் இவருடைய கேள்வி.

கெட்டுப்போகும். எந்த இடம் முதலில் போகும், அதற்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள்தான் இந்த வேலையில் நிற்கிறார்கள். நான் ஒன்பது குளிர்காலம் தள்ளினேன். இரண்டு வண்டிகளைத் தேய்த்து முடித்தேன். முதல் மூன்று வருடம் நல்ல லாபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பிப்ரவரி இரவில், ஒரு வீட்டு வாசலில், ரிவர்ஸ் கியர் விழாமல் வண்டி நின்றுவிட்டது. கியர் பாக்ஸுக்குக் கடைக்காரர் சொன்ன தொகை அந்த வருடத்து லாபத்தில் பாதிக்கு மேல். அதுவரை நான் சாப்பிட்டது விதைநெல் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

முதலில், கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். ஒரு இரவு முழுக்கத் தள்ளினாலும் ஓடோமீட்டரில் 60, 70 கிலோமீட்டர்தான் ஏறியிருக்கும். குளிர்காலம் முழுவதற்கும் 2,000 கூட வராமல் போகலாம். இது ஏமாற்றுக் கணக்கு. ஒரு வாசலுக்கு, அதாவது வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்துகிற பாதைக்கு, ஆறு தடவை முன்னும் பின்னும் போகிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு கியர் மாற்றம். ஒரே இரவில் 30 வாசல் என்றால் 360 மாற்றம். வேலைக்குப் போய் வருகிற சாதாரண வண்டி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாறினால் அதிகம். ஆக உங்களுடைய ஒரு இரவு, அந்த வண்டியின் ஒரு மாதத்துக்கும் மேல். அப்படி 25 இரவு வந்தால் 9,000 மாற்றம். ஒரே குளிர்காலத்தில் இரண்டரை வருட வேலையை உங்கள் கியர் பாக்ஸ் செய்து முடித்திருக்கும். அதுவும் சுமையோடு.

சுமை என்று எதைச் சொல்கிறேன் என்றால், புதிதாக விழுந்த உலர்ந்த பனி கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. நனைந்த பனி 250, 300 கிலோவுக்குப் போகும். 6 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம் உள்ள ஒரு வாசலில் 20 சென்டிமீட்டர் விழுந்தால் 18 கன மீட்டர். உலர்ந்த பனி என்றால் 1.8 டன், ஈரப்பனி என்றால் நாலரை டன். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். மார்ச் மாதத்து ஈரப்பனியில்தான் வண்டிகள் அதிகம் விழும்.

அடுத்தது பிளேடின் எடை. முழு அளவுப் பிக்கப்புக்கான ஏழரை, எட்டு அடி நேர் பிளேடு அதன் சட்டகத்தோடு 300 முதல் 360 கிலோ வரும். வி வடிவப் பிளேடு 400ஐத் தொடும். இது முன் சக்கரங்களுக்கும் முன்னால், அந்தரத்தில் தொங்குகிறது. சீசா பலகை மாதிரி யோசித்துப் பாருங்கள். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையில் 3.7 மீட்டர், பிளேடின் எடை முன்னச்சுக்கு 1.1 மீட்டர் முன்னால் என்றால், 340 கிலோ பிளேடு முன்னச்சில் 440 கிலோவாக இறங்கும். கூடுதலாக வருகிற அந்த 100 கிலோ பின்னச்சிலிருந்து களவு போனது. அதனால்தான் வெறும் பெட்டியோடு தள்ளுகிறவர்களுக்குப் பின் சக்கரம் சும்மா சுழலும், பிரேக் பிடித்தால் வால் ஆடும். பின்னச்சுக்குப் பின்னால், பெட்டியின் கடைசிக் கதவை ஒட்டி 200 கிலோ மணல் மூட்டையை வைத்து நன்றாகக் கட்டிவிட்டால் பின்புறம் பிடிப்பும் வரும், முன்னாலிருந்து முப்பது கிலோ போலக் குறையவும் செய்யும். மூட்டையைக் கேபினை ஒட்டி வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே வைத்தால் முன்னச்சுக்குத்தான் இன்னும் பாரம்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன்னச்சு தாங்கக்கூடிய உச்ச எடை அதில் அச்சாகியிருக்கும். நீங்களும் பக்கத்தில் ஒருவரும் உட்கார்ந்து, டேங்க் நிறைந்து, பிளேடும் மாட்டிய நிலையில் எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். அந்த எண் ஸ்டிக்கர் எண்ணைத் தாண்டினால் பேச்சு முடிந்தது. அரை டன் பிக்கப்புகள் பெரும்பாலும் முழு அளவு பிளேடில் தாண்டிவிடும். அவற்றுக்கு 150, 200 கிலோவில் வருகிற இலகு பிளேடுதான். "முன்னால் கனமான ஸ்பிரிங் போட்டுவிட்டேன், இனிப் பயமில்லை" என்பார்கள். ஸ்பிரிங் மாற்றினால் மூக்கு தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். முன் சக்கரத்தைத் தாங்குகிற ஹப் பேரிங்கும் பால் ஜாயின்ட்டும், பிரேக்கும் பழையவைதானே? ஸ்டிக்கர் எண்ணும் மாறாது. வண்டியின் கையேட்டில் பனி பிளேடு பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களுக்கு அறவே கூடாது என்று எழுதியிருப்பார்கள். அதை மீறி மாட்டினால் வாரன்டியில் கை வைக்க நீங்களே அவர்களுக்கு வழி செய்து கொடுக்கிறீர்கள்.

முக்கால் டன் வண்டிகளில் ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 இரண்டின் நான்கு சக்கர இயக்க மாடல்களிலும் முன்னால் ஒரே கட்டையான அச்சு. ஷெவர்லே 2500இல் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு, டார்ஷன் பார் ஸ்பிரிங்கோடு (சுருளுக்குப் பதிலாக முறுக்கிக்கொள்கிற கம்பி). எது பனிக்கு நல்லது என்று விடிய விடியச் சண்டை போடுவார்கள். என் அனுபவத்தில் ஒற்றை அச்சு கொஞ்சம் அதிகம் அடி தாங்கும். ஆனால் ஓட்டுகிறவர் கைதான் இரண்டையும் விடப் பெரிய வித்தியாசம். ஃபேக்டரியிலேயே 'பிளவ் பிரெப்' என்று, பனி தள்ளுவதற்கான ஒரு தொகுப்போடு வருகிற வண்டிகளில் கனமான முன் ஸ்பிரிங்கும், பேட்டரியை நிரப்புகிற ஆல்டர்னேட்டர் பெரியதாகவும் இருக்கும். பழைய வண்டி வாங்கினால் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, கியர் பாக்ஸுக்கு வருவோம். எல்லாவற்றிலும் காசைக் கரைப்பது இதுதான். கொல்வது இரண்டு விஷயங்கள். ஒன்று, வண்டி பின்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே டிரைவுக்குத் தட்டுவது. அவசரத்தில் எல்லோரும் செய்வார்கள், நானும் செய்தேன். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை நிறுத்துகிற வேலையைப் பிரேக்கிடமிருந்து பிடுங்கி உள்ளே இருக்கிற கிளட்ச் தட்டுகளிடம் கொடுக்கிறீர்கள். பிரேக் தட்டு மாற்றச் சில நூறு டாலர், கிளட்ச் தட்டு மாற்றப் பல ஆயிரம். முழுதாக நின்று, கியர் உள்ளே விழுகிற அந்தச் சின்ன அசைவை உணர்ந்து, பிறகு ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு விநாடி கூடும். இரவு முழுக்கச் சேர்த்தாலும் ஆறு நிமிடம்.

இன்னொன்று சூடு. மெதுவாக, பாரத்தோடு தள்ளும்போது இன்ஜின் சக்தியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் வழுக்கிச் சுழன்றுகொண்டே இருக்கும். இன்ஜின் சக்தியில் ஒரு பகுதி அங்கே நேரே சூடாக மாறுகிறது. வெளியே மைனஸ் 15 இருந்தாலும் உள்ளே எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கலாம். 80, 90 டிகிரி செல்சியஸ் சாதாரணம். 110ஐத் தாண்டி நீடித்து நின்றால் எண்ணெயின் ஆயுள் மளமளவென்று சரியும். 120க்கு மேல் போனால் நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு ஆற வையுங்கள். டேஷ்போர்டில் டிரான்ஸ்மிஷன் (கியர் பாக்ஸ்) சூடு காட்டாத வண்டி என்றால் தனியாக ஒரு மீட்டர் பொருத்துங்கள். கூடவே ஒரு துணைக் கூலரும். டோ-ஹால் பொத்தானை (பாரம் இழுக்கும்போது போடுவது) அமுக்கியே தள்ளுங்கள், சின்ன இடத்தில் மிக மெதுவாகத் தள்ளும்போது ஃபோர்-லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கிற மெதுவான கியர்) போடுங்கள். எண்ணெயை ஒவ்வொரு சீசன் முடிவிலும் மாற்றுங்கள். கம்பெனி சொல்கிற கிலோமீட்டர் கணக்கு பனி தள்ளாதவர்களுக்கானது.

ஃபோர் வீல் பற்றி ஒரு வார்த்தை. வேண்டும்போது மட்டும் போடுகிற பகுதி நேர நான்கு சக்கர இயக்கத்தில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். பனி வழித்த வெறும் தாரில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பினால் அந்த முறுக்கம் போக இடமில்லாமல் தண்டுகளை இணைக்கிற யு-ஜாயின்ட்டிலும் முன் ஆக்ஸிலிலும் இறங்கும். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் காசு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோதல் வேறு கதை. பனிக்கு அடியில் நடைபாதை விளிம்பு, உயர்ந்து நிற்கிற மேன்ஹோல் மூடி, குழந்தை விட்டுப்போன சைக்கிள் எல்லாம் இருக்கும். பிளேடில் டிரிப் ஸ்பிரிங் என்று ஒன்று உண்டு. எதிலாவது இடித்தால் பிளேடு முழுதாகவோ, அதன் அடி விளிம்பு மட்டுமோ மடங்கி எழும். அது மெதுவாகப் போகும்போதுதான் காப்பாற்றும். மணிக்கு 10, 15 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளுங்கள். 20ஐத் தாண்டவே வேண்டாம். பெல்ட் போடாமல் தள்ளுகிறவர்கள் ஸ்டியரிங்கில் பல்லை விட்டிருக்கிறார்கள். நகராட்சி வண்டி வாசலில் குவித்துவிட்டுப் போகிற மேடு ஒன்று இருக்கிறதே, அதுதான் எல்லோருக்கும் எமன். உப்புத் தண்ணீர் கலந்து, இறுகி, சில மணி நேரத்தில் கல் மாதிரி ஆகிவிடும். ஓட்டம் எடுத்து வந்து அதில் முட்டினால் பிளேடு தாங்கலாம், பிளேடைப் பிடித்திருக்கிற ஃபிரேம் தாங்காது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத்தான் எடுக்க வேண்டும். அதை வழித்து எதிர்ப்பக்கச் சாலையோரம் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்டாரியோவில் அனுமதியில்லாமல் சாலையில் பனியைப் போடுவது நெடுஞ்சாலைச் சட்டப்படி குற்றம். வாடிக்கையாளர் நிலத்துக்குள்ளேயே இடம் பார்க்க வேண்டும். முதல் பனியிலேயே தூரமாகத் தள்ளி வைக்காவிட்டால் பிப்ரவரியில் இடமே இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மின்சாரமும் ரேடியேட்டரும் சிறிய விஷயங்கள், ஆனால் நடு இரவில் பெரிதாகிவிடும். பிளேடைத் தூக்குகிற ஹைட்ராலிக் பம்பின் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், உச்சத்தில் 200 வரை போகும். ஹீட்டர், விளக்குகள், துடைப்பான் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, இன்ஜின் மெதுவாகச் சுற்ற, பேட்டரி சத்தமில்லாமல் வற்றும். நல்ல பேட்டரி, முடிந்தால் இரண்டு. ஹைட்ராலிக் எண்ணெயில் ஈரம் சேர்ந்தால் உறைந்து பிளேடு அசையாமல் நிற்கும், ஆகவே வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இடம் விட்டு இடம் போகும்போது தூக்கிய பிளேடு ரேடியேட்டருக்கு நேராக நின்று காற்றை மறைக்கும். கொஞ்சம் தாழ்த்தி, ஒரு பக்கம் சாய்த்து, 70 கிலோமீட்டருக்குள் போனால் சூடு ஏறாது.

துருவைப் பற்றி நிறையச் சொல்லலாம். சாதாரண உப்பு மைனஸ் 9, 10 டிகிரி வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு கலப்பார்கள். இந்த இரண்டும் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். வண்டியின் அடியில் ஒட்டினால் வெயில் நாளிலும் காயாமல் நசநசவென்று இருக்கும். மற்ற வண்டிகள் உப்புத் தெளித்த சாலையில் போகின்றன; நீங்கள் அதைத் தெளிக்கிறவர், அதுவும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு. உப்பு தூவும் பெட்டி ஒன்று வைத்தால் ஒரு கன கெஜம் உப்பே சுமார் ஒரு டன் வரும் என்பதையும் எடைக் கணக்கில் சேருங்கள். என் முதல் வண்டியில் ஆறாவது வருடம் பிரேக் எண்ணெய்க் குழாய் துருப்பிடித்து வெடித்தது. நல்லவேளை, வீட்டு வாசலில் நிற்கும்போது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் வண்டியின் அடி, ஃபிரேமின் உட்புறம், கதவுகளின் கீழ்விளிம்பு எல்லாவற்றுக்கும் துரு தடுக்கும் எண்ணெய் அடித்தேன். இரண்டு நாள் சொட்டும், வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை. கராஜ் இருக்கிறது, உள்ளே பத்திரமாக நிறுத்தலாம் என்று நினைத்தால் ஒரு எச்சரிக்கை: உப்புத் தண்ணீரோடு வண்டியைச் சூடான கராஜில் விட்டால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். அடியைக் கழுவிவிட்டு உள்ளே விடுங்கள், இல்லையென்றால் வெளியே குளிரிலேயே நிற்கட்டும்.

இப்போது காசு. நீங்கள் 30 வாசல் பிடிக்கிறீர்கள், ஒவ்வொன்றும் சீசனுக்கு 500 டாலர் என்று உதாரணத்துக்கு வைப்போம். 15,000 டாலர். 25 இரவு, இரவுக்கு ஆறு மணி நேரம், மொத்தம் 150 மணி. மணிக்கு ஒன்பது லிட்டர் பெட்ரோல் என்றால் சுமார் 2,000 டாலர். கூடுதல் காப்பீடு 2,500. பிளேடின் அடித்தகடு, ஹைட்ராலிக் எண்ணெய், உப்பு 600. எட்டாயிரம் டாலர் பிளேடை எட்டு வருடத்துக்குப் பிரித்தால் 1,000. இதோடு நிறுத்தினால் கையில் 8,900, மணிக்கு 59 டாலர். நண்பர்கள் சொல்கிற கணக்கு பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். அப்புறம் வண்டி: நான்கு வருடத்துக்கு ஒரு கியர் பாக்ஸ் 5,000 என்றால் வருடத்துக்கு 1,250, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பால் ஜாயின்ட், ஸ்டியரிங்கின் டை ராட், ஹப் பேரிங் என்று 1,500, அதாவது வருடத்துக்கு 750, டயர், பிரேக் 400, துருவாலும் தேய்மானத்தாலும் விற்கும் விலையில் இழப்பு வருடத்துக்கு 1,500. சேர்த்தால் 3,900. மணிக்கு 26 டாலர் உங்கள் வண்டியின் சதை. மிச்சம் 5,000, மணிக்கு 33 டாலர், வரிக்கு முன். உங்கள் ஊர் எண்களைப் போட்டுப் பாருங்கள். வண்டி வரியை மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள். நான் இரண்டாவது வண்டியிலிருந்து அந்த 26 டாலரைத் தனிக் கணக்கில் போட ஆரம்பித்தேன்.

சீசன் ஒப்பந்தமா, தடவைக்கு இவ்வளவா என்பதும் வண்டியைப் பாதிக்கும். சீசன் ஒப்பந்தத்தில் பனி குறைந்த வருடம் உங்களுக்குக் கொண்டாட்டம். பனி கொட்டினால் வருமானம் அதே, தேய்மானம் இரண்டு மடங்கு. 1999 ஜனவரியில் டொரோன்டோவுக்கு ராணுவத்தையே கூப்பிட்டார்கள், நினைவிருக்கலாம். அப்படி ஒரு மாதம் வந்தால் பிக்கப்பால் ஒன்றும் செய்ய முடியாது, லோடர் வண்டிதான் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் "சீசனுக்கு இத்தனை தடவை வரை, அதற்கு மேல் தடவைக்கு இவ்வளவு" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். கடைசி நேரத்தில் வாடிக்கையாளர் முகம் சுளிப்பதைவிட இது மேல்.

காப்பீட்டில் விளையாட வேண்டாம். சொந்த உபயோகப் பாலிசியில் சொல்லாமல் பனி தள்ளினால், இடித்த அன்று கையை விரித்துவிடுவார்கள். வண்டிக்கு வணிகப் பாலிசி, அதற்கு மேல் யாராவது வழுக்கி விழுந்தால் காக்கிற பொறுப்புக் காப்பீடு, இரண்டும் வேண்டும். ஒன்டாரியோவில் 2021 ஜனவரி 29 முதல், தனியார் இடத்தில் பனியிலோ பனிக்கட்டியிலோ விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் பனி தள்ளும் ஒப்பந்தக்காரருக்கும் வரலாம். எத்தனை மணிக்குப் போனேன், என்ன வெப்பநிலை, உப்புப் போட்டேனா, ஒரு படம் என்று ஒவ்வொரு வாசலுக்கும் போனில் குறித்து வையுங்கள். வருமான அளவு நான்கு காலாண்டுகளில் 30,000 டாலரைத் தாண்டாதவரை ஹெச்எஸ்டி (விற்பனை வரி) பதிவு கட்டாயமில்லை. வேறு தொழிலும் உங்கள் பெயரில் இருந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

உங்கள் வண்டிக்கு என் பதில் இதுதான்: தினமும் வேலைக்குப் போகிற ஐந்து வருட அரை டன் பிக்கப்பில், அதுவும் கடன் இன்னும் பாக்கி இருந்தால், 30 வாசல் வேண்டாம். இலகு பிளேடு ஒன்றைப் போட்டு, பக்கத்துத் தெருவில் எட்டு, பத்து வாசல் செய்யலாம். அதற்கு மேல் ஆசை இருந்தால் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய முக்கால் டன் ஒன்றை இதற்கென்றே வாங்கிவிடுங்கள். விலை ஏற்கெனவே விழுந்துவிட்ட வண்டி; பனியில் அதற்கு இழக்க அதிகம் மிச்சமில்லை.

அப்படி வாங்கப் போகும்போது, பிளேடு மாட்டியதே இல்லை என்று விற்பவர் சொல்வார். முன் பம்பருக்குக் கீழே ஃபிரேமில் துளையோ புதுப் பெயின்டோ இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கேபினுக்குள் ஸ்டியரிங்குக்கு அடியில் கன்ட்ரோல் ஒயர் போன ஓட்டை இருக்கும், அதை யாரும் அடைப்பதில்லை. டேஷ்போர்டில் இன்ஜின் மணிநேரம் காட்டுகிற வண்டி என்றால் கிலோமீட்டரை அதனால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 25க்குக் கீழே வந்தால் அந்த வண்டி நிறைய நேரம் நின்றும் ஊர்ந்தும் ஓடியிருக்கிறது. டிரான்ஸ்மிஷன் எண்ணெய் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் குச்சி இருந்தால் உருவி முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை அடித்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.